கோமுகம் பின்வாங்கிய கதை

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழக்கம். பிளாட்பாரம் அதிர ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகும். பெட்டியின் பக்கவாட்டில் 'கங்கா காவேரி' என்று எழுதியிருக்கும். சென்னையிலிருந்து பீகாரின் சாப்ரா வரை போகிற வண்டி அது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதும் திரும்பி வருவதும் இந்தத் தண்டவாளத்தில்தான்.

பெயரில் ஜோடி சேர்ந்திருக்கும் அந்த இரண்டு ஆறுகளும் பிறந்த விதத்தில் அடியோடு வேறு. காவிரி மழையில் பிறக்கிறது. குடகில் மழை பெய்தால் தண்ணீர் வரும், பொய்த்தால் வராது, நமக்கும் கர்நாடகத்துக்கும் சண்டை வரும். கங்கை அப்படியில்லை. மழையே இல்லாத ஏப்ரல், மே மாதங்களிலும் மலையில் அதற்குத் தண்ணீர் உண்டு. காரணம், அது ஒரு பனிக்கட்டியின் வாயிலிருந்து வருகிறது.

(திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஒரு கங்கை உண்டு. 1996ல் ஊத்துக்கோட்டை எல்லை வழியாகப் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்த 'தெலுங்கு கங்கை'. பெயர்தான் கங்கை, ஓடுவது கிருஷ்ணா தண்ணீர். அதுவும் மழை ஆறுதான். அதில் ஒரு சொட்டுப் பனிக்கட்டி கிடையாது.)

இமயத்தின் பனி உருகிக்கொண்டிருக்கிறது என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அது எப்படித் தெரிந்தது? யார் போய் அளந்தார்கள்? எதை வைத்து அளந்தார்கள்? இந்த அளவைக்கு இருநூறு வருடக் கதை இருக்கிறது. நடுவில் உலகமே சிரிக்கிற மாதிரி ஒரு தப்புக் கணக்கும் வருகிறது.

முதலில் பனியாறு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். உயர்ந்த மலையில் விழுகிற பனி முழுவதும் கோடையில் உருகிவிடாது. மிச்சம் நிற்கும். அதன்மேல் அடுத்த வருடப் பனி விழும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே நசுங்கி, கெட்டிப் பனிக்கட்டியாகிவிடும். அது சும்மா கிடக்காது. சரிவில் மிக மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கீழே நகரும். அதனால்தான் அதற்குப் பனி'ஆறு' என்று பெயர். மேலே பனி வரவு, கீழே உருகல் செலவு. வரவும் செலவும் சமமாக இருந்தால் அதன் முனை ஒரே இடத்தில் நிற்கும். செலவு மிஞ்சினால் முனை மலை மேல் ஏறும். இதைத்தான் பின்வாங்குகிறது என்கிறார்கள். பனிக்கட்டி பின்னால் நடப்பதில்லை, வந்து சேர்வதற்கு முன்பே கரைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கங்கோத்ரி பனியாற்றின் முனைக்குக் கோமுகம் என்று பெயர். பசுவின் வாய். நம் கோயில்களில் கருவறைக்கு வெளியே அபிஷேக நீர் விழுகிற இடத்தைக் கோமுகி என்கிறோமே, அதே சொல்தான். கங்கையின் தாய் ஆறான பாகீரதி அந்தப் பனிச் சுவரின் அடியிலிருந்துதான் வெளியே வருகிறது.

இது இந்துக்களுக்குக் காலம் காலமாகத் தெரிந்த இடம். சாதுக்கள் நடந்தே போய் வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களின் வரைபடத்தில்தான் அது இல்லை. கங்கை திபெத்தில் மானசரோவர் பக்கம் பிறந்து, மலையைக் குடைந்துகொண்டு ஒரு குகை வழியாக இந்தப்பக்கம் வருகிறது என்றே அவர்களின் பழைய வரைபடங்கள் காட்டின. இதைச் சரிபார்க்க 1808ல் வெப், ரேப்பர், ஹியர்சே என்ற மூன்று அதிகாரிகள் அனுப்பப்பட்டார்கள். அவர்களால் கங்கோத்ரி வரைகூடப் போக முடியவில்லை. பிறகு கூர்க்காக்களோடு போர் நடந்து, கார்வால் மலைகள் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. 1817 மே மாதக் கடைசியில் ஹாட்ஜ்சன், ஹெர்பர்ட் என்ற இருவர் கோமுகத்தை அடைந்தார்கள். உறைந்த பனிச் சுவர் ஒன்றின் அடியில் தாழ்வான ஒரு வளைவு, அதற்குள்ளிருந்து ஆறு வெளியே வருகிறது. குகையும் இல்லை, மானசரோவரும் இல்லை. ஹாட்ஜ்சன் அதைக் குறிப்பெழுதி வைத்தார். கங்கோத்ரி பனியாற்றின் முனை எழுத்தில் பதிவானது அப்போதுதான்.

இந்த ஹாட்ஜ்சன் பின்னாளில் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் ஆனவர். அந்தக் கால சர்வேயர்கள் பனி உருகுகிறதா என்று பார்க்கப் போகவில்லை. நிலத்தை அளக்கப் போனார்கள். வரி போட, படை நடத்த, எல்லை போட. அந்த மாபெரும் அளவை வேலை தொடங்கிய இடம் நம்ம சென்னை. 1802 ஏப்ரலில் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டருக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே ஏறிப்போன சர்வேதான் பல பத்தாண்டுகள் கழித்து இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டது. எவரெஸ்ட்டின் உயரம் 1856ல் அறிவிக்கப்பட்டதும் அந்த வரிசையில்தான். பரங்கிமலையில் சங்கிலி பிடித்தவர்கள் யாரும் அதன் மறுமுனை பனிமலையில் போய் முடியும் என்று நினைத்திருப்பார்களா, தெரியாது.

முனையை வேண்டுமென்றே அளக்கப் போனது இருபதாம் நூற்றாண்டில்தான். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகள் சுருங்குவதை சுவிட்சர்லாந்துக்காரர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். 1894ல் சூரிச்சில் கூடிய புவியியலாளர் மாநாடு, உலகப் பனியாறுகளைத் தொடர்ந்து கண்காணிக்க ஒரு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1906ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தன் ஆட்களைக் காஷ்மீர், லாகூல், குமாவுன் பக்கம் அனுப்பியது. பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 1863ல் கற்கோடரிகளைக் கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் வேலை பார்த்த அதே துறை. காட்டர், காகின் பிரவுன் என்ற இருவர் குமாவுனில் பிண்டாரி, மிலம் போன்ற பனியாறுகளுக்குப் போனார்கள். முனை எங்கே நிற்கிறது என்பதைப் படமெடுத்து, வரைந்து, பக்கத்துப் பாறைகளில் அடையாளம் போட்டுவிட்டு வந்தார்கள். பின்னால் வருகிறவன் வந்து பார்க்கட்டும் என்பதற்காக.

எளிமையான வேலைதான். ஆனால் அந்த அடையாளங்கள் இல்லாவிட்டால் இன்று நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஐம்பது வருடம் கழித்து, 1957ல் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடப்பட்டபோது, சுதந்திர இந்தியாவின் புவியியலாளர்கள் அதே பனியாறுகளுக்குத் திரும்பிப் போய் ஒப்பிட்டார்கள். பிண்டாரியின் பழைய குறிப்புகள் 1845 வரை போகின்றன. அங்கிருந்து 1966 வரை அதன் முனை சுமார் 2.8 கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது.

கங்கோத்ரிக்கு அப்படி ஒரு கவனமான ஆள் 1935ல் கிடைத்தார். பெயர் ஜான் ஆடன். புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் அண்ணன். தம்பி கவிதை எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் புவியியல் துறை வேலையில் சேர்ந்து இமயமலை ஏறிக்கொண்டிருந்தார். கோமுகத்துக்குப் போய் பிளேன் டேபிளை நிறுத்தி முனையின் வரைபடத்தை வரைந்தார். சிவில் மாணவர்கள் சர்வே பிராக்டிகலில் வெயிலில் தூக்கித் திரிகிறார்களே, அதே பலகைதான். அதை வைத்து வரைந்த ஒரு படம் தொண்ணூறு வருடம் கழித்தும் மேற்கோள் காட்டப்படுகிறது என்பதை அடுத்த பிராக்டிகலில் நினைத்துக்கொள்ளலாம் :)

ஆடனின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 1935 முதல் 1996 வரை கோமுகம் ஏறத்தாழ 1,150 மீட்டர் பின்வாங்கியிருந்தது. ஆண்டுக்குச் சராசரி 19 மீட்டர். முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள பனியாற்றில் ஒரு கிலோமீட்டர் என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஹாட்ஜ்சன் நின்ற இடத்தில் இன்று போய் நின்றால் பனிச்சுவர் இருக்காது. உடைந்த பாறைகளும் அதன் நடுவே ஓடுகிற ஆறும்தான் இருக்கும்.

ஏன் இப்படி? நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து வானில் சேர்ந்த கரியமில வாயு பூமியைச் சூடாக்குவது முதல் காரணம். இது எல்லோருக்கும் தெரியும். இமயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கண்டுபிடித்ததில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலை செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தில். பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு கசிந்துகொண்டே இருக்கும், அதைத் தடுக்க வழி கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரில் மேற்படிப்பு, பிறகு அமெரிக்கா. அங்கே 1975ல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து கசிகிற அதே வகை வாயு, கரியமில வாயுவைவிட மூலக்கூறுக்கு மூலக்கூறு ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் என்று அவர் காட்டினார். வேண்டாம் என்று விட்டு வந்த வேலை எப்படிக் கைகொடுத்தது பாருங்கள்.

அதே ராமநாதன்தான் 1999ல் இந்தியப் பெருங்கடலின் மேல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வை நடத்தினார். தெற்காசியாவிலிருந்து கிளம்பிய பழுப்பு நிறப் புகைமண்டலம் கடலின் மேல் வெகுதூரம் பரவிக் கிடந்தது அப்போது தெளிவானது. விறகு அடுப்பு, சாணி வறட்டி, டீசல் லாரி, செங்கல் சூளை, ஆலைப் புகைபோக்கி எல்லாம் சேர்ந்த கலவை. 2006ல் மாலத்தீவிலிருந்து ஆளில்லாத சிறு விமானங்களை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உயரங்களில், அந்தப் புகைக்குள் பறக்கவிட்டு அளந்தார். 2007ல் வெளிவந்த முடிவு இதுதான். புகையில் இருக்கிற கரித்துகள் சூரிய வெப்பத்தை உறிஞ்சி நடுவானத்தைச் சூடாக்குகிறது. பசுமைக்குடில் வாயுக்களின் சூட்டோடு இதையும் கூட்டினால்தான் இமயப் பனி இவ்வளவு உருகுவதற்குக் கணக்குச் சரியாக வருகிறது. போதாததற்கு, கரித்துகள் பனியின்மேலேயே போய்ப் படிந்தால் வெள்ளை கறுக்கும். வெள்ளைச் சட்டைக்கும் கறுப்புச் சட்டைக்கும் வெயிலில் என்ன வித்தியாசமோ அதே வித்தியாசம்தான்.

கும்மிடிப்பூண்டியில் கிளம்புகிற புகை நேரே கோமுகத்துக்குப் போய் உட்காருகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கங்கைச் சமவெளியின் சூளைகளுக்கும் அடுப்புகளுக்கும் இமயம் பக்கத்து வீடு.

இப்போது அந்தத் தப்புக் கணக்குக்கு வருவோம்.

2007ல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு தன் நான்காவது அறிக்கையை வெளியிட்டது. அதே வருடம் அமைதிக்கான நோபல் பரிசில் பாதியும் அந்தக் குழுவுக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கையில், ஆசியாவைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி. பூமி இதே வேகத்தில் சூடானால் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோக மிகுந்த வாய்ப்பு இருக்கிறது என்றது அது. இந்தியப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இன்னும் 28 வருடம்தான், கங்கை வற்றிவிடும், யமுனை வற்றிவிடும்...

பனியாறு பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே உதைத்தது. இமயத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டிகள் இருக்கின்றன. அவை முப்பது வருடத்துக்குள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் உருக வேண்டுமானால் நடக்கிற வேகத்தைப் போலப் பல மடங்கு வேண்டும்.

2009 நவம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஒரு ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். எழுதியவர் வி. கே. ரெய்னா, புவியியல் ஆய்வுத் துறையில் மூத்த அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் பெரும்பகுதியைப் பனியாறுகளின் மேல் கழித்தவர். இமயப் பனியாறுகள் சுருங்குவது உண்மை, ஆனால் விபரீத வேகத்தில் என்று சொல்ல ஆதாரம் போதாது, கங்கோத்ரியின் முனை கடந்த சில ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட நின்றே விட்டது என்றார் அவர். ஐ.நா. குழுவின் அப்போதைய தலைவரும் ஓர் இந்தியர், ஆர். கே. பச்சௌரி. அவர் கோபப்பட்டு இதை மாந்திரீக விஞ்ஞானம் என்று ஏளனம் செய்தார்.

பிறகு சிலர் அந்த 2035 எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனார்கள். அறிக்கை மேற்கோள் காட்டியது ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் 2005ஆம் வருட வெளியீட்டை. அந்த வெளியீடு எடுத்தது 1999ல் வந்த ஓர் ஆங்கில அறிவியல் வார இதழின் செய்தியிலிருந்து. அந்தச் செய்தி ஒரு விஞ்ஞானியிடம் பேசி எழுதியது. எங்குமே ஒரு முறையான ஆய்வுக் கட்டுரை இல்லை! இன்னொரு பக்கம், ரஷ்ய விஞ்ஞானி கொட்லியாகோவ் 1996ல் எழுதிய அறிக்கை ஒன்று இருந்தது. துருவங்களுக்கு வெளியே உள்ள பனியாறுகள் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கலாம் என்று அதில் இருந்தது. அதற்கு அவர் கொடுத்த வருடம் 2350. எண்கள் இடம் மாறிப் போயிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். மார்க் ஷீட்டில் 53ஐ 35 என்று போட்டால் நாம் எவ்வளவு கத்துவோம்? இங்கே 315 வருடம்.

2010 ஜனவரி 20 அன்று ஐ.நா. குழு வருத்தம் தெரிவித்தது. அந்தப் பத்தி சரியான ஆதாரம் இல்லாதது என்று ஒப்புக்கொண்டது.

இதனால் வந்த கெடுதல் இரண்டு விதம். புவி சூடாவதே கட்டுக்கதை என்று சொல்பவர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆயிற்று. ஒரு வரி பொய்யானால் மொத்த அறிக்கையும் பொய் என்றார்கள். அதைவிட மோசம், கங்கோத்ரியின் முனை நின்றுவிட்டது, ஆகவே கவலை வேண்டாம் என்ற ஆறுதல். ரெய்னா 2035ஐச் சந்தேகித்தது நியாயம். ஆனால் அவர் குறிப்பைப் படித்த பலர், முனை நின்றால் பனியாறு பத்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு.

ஏனென்றால் இமயத்தின் பெரிய பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. கங்கோத்ரியும் அப்படித்தான். தடிமனான கல் போர்வை வெயிலைத் தடுக்கும், அதனால் முனை சட்டென்று நகராது. ஆனால் மேலே பனிக்கட்டி மெலிந்துகொண்டே இருக்கும். ஒரு நோயாளியின் உயரத்தை மட்டும் வருடா வருடம் அளந்துவிட்டு, குறையவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்வது போல. பார்க்க வேண்டியது எடையை.

எடை பார்ப்பது கஷ்டமான வேலை. பனிக்கட்டியில் துளை போட்டு மூங்கில் கம்புகளை நட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த வருடம் போய், கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது, மேலே எவ்வளவு புதுப்பனி சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த வருடத்தின் வரவு செலவு வரும். டேராடூனின் வாடியா நிலையம் டோக்ரியானி பனியாற்றிலும், டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தினர் 2002 முதல் லாகூலின் சோட்டா சிக்ரியிலும் இப்படி அளந்திருக்கிறார்கள். ஆனால் இமயத்தில் பனியாறுகள் பல்லாயிரம். எத்தனையில்தான் ஏறி மூங்கில் நடுவது?

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பனிப்போர்க் காலத்தில், 1970களிலும் 80களின் முதல் பாதியிலும், அமெரிக்கா ஹெக்ஸகன் என்ற உளவு செயற்கைக்கோள்களை ஏவியது. சோவியத் ஏவுகணைகளைப் படமெடுப்பதற்காக. டிஜிட்டல் கேமரா இல்லாத காலம். படமெடுத்த ஃபிலிம் சுருளைப் பாராசூட்டில் கட்டிக் கீழே போடுவார்கள், விமானம் போய் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். ஏதோ ஜேம்ஸ் பாண்ட் படம் போல இருக்கிறது, ஆனால் நடந்தது. அந்தச் சுருள்களில் இமயமும் பதிவாகியிருந்தது. ரகசியம் நீங்கிய பிறகு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா மாரர் குழுவினர் அந்தப் பழைய படங்களிலிருந்து பனியாறுகளின் மேற்பரப்பு உயரத்தைக் கணக்கிட்டு, பிந்தைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். 2,000 கிலோமீட்டர் நீளத்துக்கு 650 பனியாறுகள். முடிவு 2019 ஜூனில் வந்தது. 1975 முதல் 2000 வரை இழந்த வேகத்தைப் போல 2000க்குப் பிறகு இரண்டு மடங்கு. ஆண்டுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட அரை மீட்டர் தடிமன் போய்க்கொண்டிருக்கிறது.

பனியாறுகள் 1850 வாக்கில் இருந்தே சுருங்குகின்றன, அப்போது கார் ஏது, மின்நிலையம் ஏது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய ஒரு குளிர் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடிந்தது, அதற்குப் பிறகு பனி கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். பிண்டாரியின் பழைய கணக்கில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு முன் முடிந்த குளிரின் விளைவு, 2000க்குப் பிறகு திடீரென்று இரட்டிப்பாகாது.

எல்லா இடத்திலும் ஒரே கதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரகோரம் பகுதியில் பல பனியாறுகள் வெகுகாலம் சுருங்காமல் இருந்தன, சில வளரவும் செய்தன. ஆனால் மொத்தத்தில் போக்கு தெளிவு. காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு மலை ஆய்வு மையம் 2023ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பனி இழப்பு அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாக நடந்தது. அதே மையம் 2019ல் சொன்னது: சூடேறுவதை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் இந்த நூற்றாண்டின் முடிவில் மூன்றில் ஒரு பங்கு பனி போய்விடும். 2035 பொய். மூன்றில் ஒரு பங்கு பொய் இல்லை.

பனி உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? கூடும், சில காலத்துக்கு. வங்கியில் இருக்கிற முதலை எடுத்துச் செலவு செய்தால் கையில் பணம் புரள்கிற மாதிரி. ஒரு கட்டத்தில் உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கும். சிந்து நதிக்கு இது பெரிய அடி, அதன் நீரில் பனி உருகலின் பங்கு அதிகம். கங்கைக்கு அவ்வளவு இல்லை. மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் பரவியபின் கங்கையில் ஓடுவது பெரும்பாலும் பருவமழை நீரும் நிலத்தடி ஊற்றும்தான். பீகார் ஆறுகள் எல்லாம் பனியில் பிறந்தவையும் அல்ல. கோசியின் தலையில் எவரெஸ்ட் பக்கத்துப் பனி இருக்கிறது. பாக்மதியோ காத்மாண்டுக்கு வடக்கே ஷிவபுரி மலையின் ஊற்றில் பிறக்கிறது. (2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதே, அந்த தர்பங்கா எக்ஸ்பிரஸின் பெயர் இந்த ஆற்றுடையதுதான்.) ஆகவே கங்கையே வற்றிவிடும் என்பது மிகை. ஆனால் மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் மலையோர ஊர்களுக்கு வருகிற தண்ணீர், அதை நம்பியிருக்கிற வயல், இவைதான் முதலில் அடிபடும்.

அதற்கு முன்பே அடிபடுகிறவர்கள் மலையிலேயே இருப்பவர்கள். 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி பனியாற்றை ஒட்டிய ஏரி, கொட்டித் தீர்த்த மழையில் உடைத்துக்கொண்டு இறங்கியது. 2023 அக்டோபர் 4 அதிகாலை சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, தீஸ்தாவில் கட்டியிருந்த பெரிய அணையையே அடித்துக்கொண்டு போனது. பனியாறு பின்வாங்கும்போது விட்டுப் போகிற பள்ளத்தில் உருகிய நீர் தேங்கி இத்தகைய ஏரிகள் உண்டாகின்றன, பெருக்கின்றன. கரையாக இருப்பது வெறும் கல்லும் மண்ணும்.

2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் நடந்ததும் அப்படித்தான் என்று முதலில் டிவிக்களில் ஓடியது. பனியாறு வெடித்தது என்றார்கள். சில நாட்களில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் வேறு காரணம் சொன்னார்கள். ஏரி எதுவும் உடையவில்லை. ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனிக்கட்டியும் ஒரேயடியாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. விழுந்த வேகத்தில் பனி உருகிச் சேறாகி, ரிஷிகங்கா, தவுலிகங்கா பள்ளத்தாக்கில் இரண்டு நீர்மின் திட்டங்களைத் துடைத்துப் போனது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள். வழியில் இருந்த ரைணி கிராமம், 1974ல் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய அதே கிராமம்.

நம்ம ஊரில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்றால், கிழக்கே பழவேற்காட்டில். ஆரணி ஆறு பொன்னேரி பக்கம் ஓடிப் போய்ச் சேருகிற ஏரி. அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டுதான். இருபதாயிரம் வருடங்களுக்கு முன், உலகின் பனி உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. அன்று பழவேற்காட்டில் கடற்கரையே கிடையாது, கரை வெகுதூரம் தள்ளி இருந்தது. அந்தப் பனி உருகி ஏறிய தண்ணீர்தான் இன்றைய கரையைப் போட்டது.

2025 பிப்ரவரியில் வெளியான ஓர் உலகளாவிய கணக்கு, 2000 முதல் 2023 வரை மலைப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரி 273 பில்லியன் டன் பனியை இழந்தன என்கிறது. கிரீன்லாந்து, அண்டார்டிகாவின் பெரும் பனிப்பரப்புகள் இதில் சேர்த்தி இல்லை. இது மட்டும் கடலை உயர்த்தியது 18 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அதில் அதிகப் பங்கு அலாஸ்காவுடையது, இமயத்தின் பங்கு சிறியது.

அந்த வருடம் மே 12 அன்று நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில் யாலா பனியாற்றுக்கு ஓர் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. புத்த பிக்குகள் வழிபாடு செய்தார்கள், கல்வெட்டு வைத்தார்கள். யாலா இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஆனால் 1970களில் இருந்த பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நேபாளத்தில் அதிக காலம் அளக்கப்பட்ட பனியாறுகளில் அதுவும் ஒன்று. பனியாறுகளை அளக்கும் பயிற்சிக்காகப் பல நாட்டு மாணவர்களை அங்கேதான் கூட்டிப் போவார்கள்.